ஒரே இரவில் உடைந்த 90 கண்ணாடிகள்: கேன்டர்பரி பள்ளி வீட்டின் கதை

1834 செப்டம்பர் 9. நள்ளிரவு நெருங்கும் நேரம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கேன்டர்பரி என்ற சின்ன ஊர். ஊரின் நடுவே நின்ற பெரிய மர வீடு ஒன்றை ஒரு கும்பல் சூழ்ந்தது. கைகளில் தடிகள், இரும்புக் கம்பிகள். வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஓர் ஆசிரியையும் அவரிடம் தங்கிப் படித்த மாணவிகளும்.

ஐந்து ஜன்னல் சட்டங்கள் நொறுங்கின. 90-க்கும் மேற்பட்ட கண்ணாடிகள் உடைந்து சிதறின. மறுநாள் பள்ளி மூடப்பட்டது. அதன்பின் திறக்கவே இல்லை.

அந்த மாணவிகள் செய்த 'குற்றம்' என்ன? படிக்க வந்தது. அதுவும் கறுப்பினப் பெண்களாகப் பிறந்துவிட்டு, ஊரிலேயே அழகான வீட்டில் உட்கார்ந்து படிக்க வந்தது.

அந்த வீடு இன்றும் நிற்கிறது. பெயர், ப்ரூடென்ஸ் கிராண்டல் இல்லம். கட்டடக்கலை மாணவர்கள் அதன் முகப்பைப் பார்க்க வருகிறார்கள். சட்டம் படித்தவர்கள் அங்கே தொடங்கிய வழக்குக்காக வருகிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே கதைதான். எப்படி என்று பார்ப்போம்.

வீடு எப்படி இருக்கும்?

சுமார் 1805-ல் கட்டப்பட்ட வீடு இது. பெய்ன் என்ற வசதியான குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. இரண்டு மாடி, அதற்கு மேல் கூரைக்குள் அடங்கிய ஒரு பரண் தளம். முழுக்க மரச் சட்டகம். வெளிச்சுவரில் பலகைகள் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடிக்கப்பட்டிருக்கும். மழையும் பனியும் உள்ளே இறங்காமல் வழிந்துபோக இந்த ஏற்பாடு.

முன்னால் நின்று பார்த்தால் முதலில் தெரிவது சமச்சீர். நடுவில் வாசல், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஜன்னல்கள். மேல்தளத்திலும் அதே கணக்கு. நடுக்கோடு போட்டு மடித்தால் இடது பாதி வலது பாதிமேல் சரியாகப் பொருந்திவிடும். அன்றைய நியூ இங்கிலாந்து பகுதியில் இது வெறும் அழகு மட்டும் இல்லை. 'இந்த வீட்டுக்காரர் படித்தவர், ஒழுங்கானவர், வசதியானவர்' என்று தெருவுக்குச் சொல்லும் விளம்பரமும் அதுதான்.

நடுப்பகுதி சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும். வாசலை ஒட்டி, சுவரோடு சேர்ந்த தட்டையான தூண்கள். உச்சியில் ஒரு முக்கோண முகப்பு. கிரேக்க, ரோமானியக் கோயில்களின் முகப்பை மரத்தில் செய்து வீட்டுக்கு ஒட்டியது போல இருக்கும். கல்லில் செதுக்க வேண்டியதை ஊர்த் தச்சர்கள் இழைப்புளியையும் உளியையும் வைத்து மரத்திலேயே செய்திருக்கிறார்கள்.

அது என்ன 'பல்லாடியன்' ஜன்னல்?

வாசலுக்கு நேர் மேலே, மாடியில் மூன்று பாகமாக ஒரு ஜன்னல் இருக்கிறது. நடுப்பாகம் உயரமாக, மேலே வளைவோடு. இரண்டு பக்கமும் கொஞ்சம் குட்டையான செவ்வக ஜன்னல்கள். 16-ம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆந்த்ரேயா பல்லாடியோவின் பெயரால் இதைப் பல்லாடியன் ஜன்னல் என்கிறார்கள். அவருடைய வடிவங்கள் புத்தகங்கள் வழியாக இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்கக் கிராமத் தச்சரின் பட்டறை வரை வந்து சேர்ந்தன.

அந்தக் காலத்துக் கண்ணாடியையும் இங்கே கவனிக்க வேண்டும். இன்றுபோல் பெரிய தகடாகக் கண்ணாடி கிடைக்காது. உருகிய கண்ணாடியை ஊதி, சுழற்றித் தட்டாக்கி, அதிலிருந்து சிறு சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். அதனால்தான் பழைய ஜன்னல்கள் கட்டம் கட்டமாக இருக்கின்றன. ஒரு வீட்டில் எத்தனை ஜன்னல், எத்தனை கண்ணாடி என்பதே வசதியின் கணக்கு. 90 கண்ணாடிகளை உடைத்தவர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஒரு புகைபோக்கியா, இரண்டா?

நியூ இங்கிலாந்தின் பழைய வீடுகளில் நடுவில் ஒரே ஒரு பிரம்மாண்டமான புகைபோக்கி இருக்கும். எல்லா அறைகளின் கணப்பும் அதைச் சுற்றியே அமையும். குளிருக்கு நல்லது. ஆனால் வீட்டின் மையத்தை அந்தச் செங்கல் மேடே அடைத்துக்கொள்ளும். வாசலைத் திறந்தால் ஒரு சின்ன இடுக்கு, எதிரே சுவர். அவ்வளவுதான்.

கிராண்டல் வீட்டில் புகைபோக்கிகள் இரண்டு. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இதனால் நடுப்பகுதி காலியாகி, வாசலிலிருந்து நேராக ஒரு விசாலமான கூடம் கிடைத்தது. மாடிப்படியும் அங்கேயே. கூடத்தின் இருபுறமும் அறைகள். ஓர் அறையைக் கடக்காமலேயே இன்னோர் அறைக்குப் போகலாம். இப்போது இது சாதாரண விஷயமாகத் தெரியும். அன்று 'தனியறை' என்ற எண்ணத்தையே சாத்தியமாக்கிய மாற்றம் இது.

கூரையிலும் ஒரு தனித்தன்மை உண்டு. நான்கு பக்கமும் சரிந்து ஏறும் கூரை, உச்சிக்குப் போகும் முன் ஒரு சின்ன முக்கோணச் சுவராக மாறி முடியும். இந்தக் கூரை, இரட்டைப் புகைபோக்கி, முன்தள்ளிய வாசல் பகுதி, பல்லாடியன் ஜன்னல் ஆகிய நான்கும் சேர்ந்த வீடுகள் இந்த வட்டாரத்தில் இன்னும் சில உண்டு. அந்த அமைப்புக்கே 'கேன்டர்பரி பாணி' என்று பெயர் வந்துவிட்டது.

இப்போது இந்த வீட்டை ஒரு பள்ளி நடத்துபவரின் கண்ணால் பாருங்கள். நல்ல வெளிச்சம். தனித்தனி அறைகள், கணப்புகள். கீழே வகுப்பு நடத்தலாம், மேலே மாணவிகள் தங்கலாம். ஊரின் பொதுப் புல்வெளியை ஒட்டி, தேவாலயத்துக்குப் பக்கத்தில் இடம். பெற்றோர் பார்த்த உடனே 'சரி, பிள்ளையைச் சேர்க்கலாம்' என்று சொல்ல வைக்கும் முகப்பு.

வீடு பள்ளியான கதை

ப்ரூடென்ஸ் கிராண்டல் 1803-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தவர். குவேக்கர் குடும்பம். பக்கத்து ஊரில் ஆசிரியையாக இருந்தவரை, தங்கள் மகள்களுக்கு நல்ல பள்ளி வேண்டும் என்று கேன்டர்பரி பிரமுகர்களே அழைத்தார்கள். 1831-ல் இந்த வீட்டை அவர் 2,000 டாலருக்கு வாங்கினார். பெரும்பகுதி அடமானக் கடன். கல்யாணமாகாத ஓர் இளம்பெண், தன் பெயரில் கடன் வாங்கி, ஊர் நடுவே இருந்த மாளிகையை வாங்குவது அன்று அபூர்வம். அந்த ஆண்டு நவம்பரில் பள்ளி திறந்தது. ஊரே பாராட்டியது.

1832 இலையுதிர் காலத்தில் சாரா ஹாரிஸ் என்ற 20 வயதுப் பெண் அவரைப் பார்க்க வந்தார். அதே வட்டாரத்தைச் சேர்ந்த கறுப்பின விவசாயக் குடும்பம். கொஞ்சம் கூடுதலாகப் படித்தால் தன் சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அவர் ஆசை. பள்ளியில் தங்கக்கூட வேண்டாம், தினமும் வீட்டிலிருந்து வந்து போகிறேன் என்றார். தொடக்கப் பள்ளியில் இவரோடு ஒன்றாகப் படித்த வெள்ளையினப் பெண்கள் சிலர் ஏற்கெனவே கிராண்டலிடம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கிராண்டல் வீட்டில் உதவிக்கு இருந்த கறுப்பினப் பெண் மரியா டேவிஸ், சாராவின் அண்ணியாகப் போகிறவர். அடிமைமுறை எதிர்ப்புப் பத்திரிகையான 'தி லிபரேட்டர்' அவர் மூலமாகத்தான் கிராண்டலின் கைக்கு வந்தது. படித்திருந்தார், யோசித்திருந்தார். சாராவைச் சேர்த்துக்கொண்டார்.

பெற்றோர் கொதித்தார்கள். அந்தப் பெண்ணை அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் பள்ளியே மூழ்கிவிடும் என்றார்கள். மூழ்கினால் மூழ்கட்டும், அனுப்ப மாட்டேன் என்றார் கிராண்டல்.

அடுத்து அவர் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. வெள்ளையின மாணவிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 1833 மார்ச்சில் 'தி லிபரேட்டர்' இதழில் ஒரு விளம்பரம் கொடுத்தார். கறுப்பினப் பெண்களுக்கென்றே புதிய பள்ளி. மூன்று மாதத்துக்கு 25 டாலர் கட்டணம், பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். பாடங்கள்? இலக்கணம், கணிதம், புவியியல், வரலாறு, வேதியியல், வானியல், ஓவியம், பியானோ, பிரெஞ்சு. வெள்ளையினப் பெண்களுக்கு என்ன பாடமோ அதே தரம். ஏப்ரல் 1 அன்று கதவு திறந்தது. பாஸ்டன், பிராவிடன்ஸ், நியூயார்க், பிலடெல்பியா என்று பல ஊர்களிலிருந்தும் மாணவிகள் வந்தார்கள். எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது.

வடக்கு மாநிலம்தானே, அங்கேயுமா?

அடிமைமுறை என்றாலே அமெரிக்காவின் தெற்குப் பகுதி மட்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கனெக்டிகட் வடக்கு மாநிலம். அங்கே 1784-ல் படிப்படியான விடுதலைச் சட்டம் வந்தது. ஆனால் அடிமைமுறை முழுதாக ஒழிந்தது 1848-ல்தான். 1831-ல் அதே மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் கறுப்பின ஆண்களுக்கு ஒரு கல்லூரி தொடங்கும் யோசனை வந்தபோது, நகரக் கூட்டத்தில் எதிர்த்தவர்கள் சுமார் 700 பேர். ஆதரித்தவர்கள் நான்கே பேர்.

ஆக, கேன்டர்பரி ஒரு விதிவிலக்கு இல்லை.

வீட்டைச் சுற்றி வளைத்த ஊர்

இங்கேதான் கட்டடமும் வரலாறும் ஒன்றாகின்றன. இந்த வீட்டைச் சிறந்த பள்ளியாக்கிய ஒவ்வோர் அம்சமும் இப்போது தாக்குதலுக்கான வழியாக மாறியது.

இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப் புல்வெளியை ஒட்டிய வீடு என்பதால், மாணவிகள் வெளியே கால் வைத்தாலே ஊர் மொத்தமும் பார்க்கும். கேலி, கூச்சல், கல்லெறி. கண்ணெதிரே இருந்த தேவாலயம் அவர்களை உள்ளே விடவில்லை. எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஜட்சன் வேறு யாருமல்ல, பக்கத்து வீட்டுக்காரர்.

அடுத்து கிணறு. அன்று வீட்டுக்கு உயிர் அதுதான். அதில் சாணத்தைக் கொட்டினார்கள். கிராண்டலின் தந்தை தன் பண்ணையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் மளிகை தர மறுத்தார்கள். மருத்துவர்கள் வர மறுத்தார்கள். கோச்சு வண்டிக்காரர்கள் மாணவிகளை ஏற்ற மறுத்தார்கள்.

பிராவிடன்ஸிலிருந்து வந்த 17 வயது ஆன் எலைசா ஹேமண்ட் மீது, வழக்கொழிந்த ஒரு பழைய நாடோடிச் சட்டத்தைப் பிரயோகித்தார்கள். வெளியூர்க்காரி ஊரைவிட்டுப் போகாவிட்டால் அபராதம், அதையும் கட்டாமல் இருந்தால் பத்து கசையடி வரை கொடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். பக்கத்து ஊரான புரூக்ளினின் போதகர் சாமுவேல் மே, ஆதரவாளர்களைத் திரட்டி ஜாமீன் பத்திரம் கொடுத்தார். கசையடி விழவில்லை. அந்தப் பெண்ணும் போகவில்லை.

ஒரு பள்ளிக்காக ஒரு தனிச் சட்டம்

பழைய சட்டம் பலிக்கவில்லை என்றதும் புதிதாக ஒன்று செய்தார்கள். 1833 மே 24 அன்று கனெக்டிகட் சட்டமன்றம் நிறைவேற்றிய அது, வரலாற்றில் 'கறுப்புச் சட்டம்' என்றே நிலைத்துவிட்டது. வெளிமாநிலக் கறுப்பின மாணவர்களுக்குப் பள்ளி நடத்த வேண்டுமா? உள்ளூர் அதிகாரிகளில் பெரும்பான்மையோர் எழுத்துப்பூர்வமாக அனுமதி தர வேண்டும். மீறினால் அபராதம். ஒவ்வொரு முறையும் அது இரட்டிப்பாகும். செய்தி வந்ததும் கேன்டர்பரியில் தேவாலய மணி அடித்து, பீரங்கி வெடித்துக் கொண்டாடினார்கள்.

ஜூன் 27 அன்று கிராண்டல் கைதானார். ஜாமீன் கட்ட ஆட்கள் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் வேண்டுமென்றே கட்டவில்லை. ஓர் ஆசிரியை பாடம் நடத்தியதற்காக ஒரு ராத்திரி சிறையில் இருந்தார் என்பதை நாடு பார்க்கட்டும் என்ற முடிவு. பார்த்தது.

ஆகஸ்டில் நடந்த முதல் விசாரணையில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அக்டோபரில் இரண்டாவது விசாரணை. கறுப்பினத்தவர் அரசியலமைப்பின்படி குடிமக்கள் அல்லர் என்று நீதிபதி டேவிட் டகெட் ஜூரிக்குச் சொன்னார். தண்டனை உறுதியானது. 1834 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் காரணம், குற்றப்பத்திரிகையில் இருந்த ஒரு தொழில்நுட்பக் குறை. கறுப்பினத்தவர் குடிமக்களா, இல்லையா? அந்தக் கேள்வியை நீதிமன்றம் தொடாமலேயே நழுவிவிட்டது.

தீ, பிறகு இரும்புக் கம்பி

நீதிமன்றத்துக்கு நடுவே இன்னொன்றும் நடந்தது. 1834 ஜனவரியில் வீட்டின் ஒரு மூலையில் தீப்பிடித்தது. மாணவிகள் உள்ளே இருந்தார்கள். முழுக்க மரத்தாலான வீடு. பரவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்லவேளையாக, பரவும் முன் அணைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கடிகாரம் பழுதுபார்க்க அன்று வந்திருந்த ஃபிரடெரிக் ஆல்னி என்ற கறுப்பினத்தவர் மீதே பழி விழுந்தது. தீயை அணைக்க உதவியவர் அவர். ஜூரி அவரை விடுதலை செய்தது.

நீதிமன்றத்தில் தோற்ற தரப்பு செப்டம்பரில் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. நேராக ஜன்னல்களுக்கு வந்தது. கீழ்த்தள முன்னறைகளில் இருக்க முடியாத நிலை. இனி இந்தக் கூரைக்குக் கீழே மாணவிகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்று கிராண்டலும், சற்று முன் அவரை மணந்திருந்த கால்வின் ஃபிலியோவும், போதகர் மேயும் முடிவெடுத்தார்கள். மாணவிகளிடம் அந்தச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு மே மீது விழுந்தது. வீடு விற்பனைக்கு வந்தது.

மாணவிகள் என்ன ஆனார்கள்?

கட்டடம் தோற்றது. படிப்பு தோற்கவில்லை.

இங்கே படித்த ஜூலியா வில்லியம்ஸ் அடுத்து நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நோயஸ் அகாடமியில் சேர்ந்தார். வெள்ளையர், கறுப்பினத்தவர் எல்லோரும் சேர்ந்து படிக்கும் பள்ளி. 1835 ஆகஸ்டில் அந்த ஊர்க்காரர்கள் எருதுகளைப் பூட்டி, பள்ளிக் கட்டடத்தையே அஸ்திவாரத்திலிருந்து பெயர்த்து இழுத்துப் போட்டார்கள். ஜூலியா அதற்கும் அசரவில்லை. பிற்காலத்தில் அடிமைமுறை எதிர்ப்பு இயக்கத்தில் முன்னணியில் நின்றார்.

சாரா ஹாரிஸ் திருமணமாகி சாரா ஃபேயர்வெதர் ஆனார். முதல் மகளுக்கு 'ப்ரூடென்ஸ் கிராண்டல்' என்றே பெயர் வைத்தார். ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் இன்று ஒரு மாணவர் விடுதி அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. தங்கக்கூட வேண்டாம், வந்து படித்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டவர் பெயரில் ஒரு விடுதி!

கறுப்புச் சட்டம் 1838-ல் நீக்கப்பட்டது. பக்கத்து வீட்டு ஜட்சன் பின்னர் மத்திய நீதிபதியானார். புகழ்பெற்ற அமிஸ்டாட் கப்பல் வழக்கை விசாரித்து, பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பத் தீர்ப்பளித்தவர் அவர்தான்.

கிராண்டல் வழக்கும் சாகவில்லை. 1857-ல் கறுப்பினத்தவருக்குக் குடியுரிமை இல்லை என்ற டிரெட் ஸ்காட் தீர்ப்பில் அது எடுத்தாளப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, பள்ளிகளில் நிறப்பிரிவினையை ஒழித்த 1954 பிரவுன் வழக்கின் வாதங்களில், எதிர்த் திசையிலிருந்து மீண்டும் வந்தது.

இப்போது அந்த வீடு?

கிராண்டல் இல்லினாய் போனார், பிறகு கான்சஸ். 1886-ல் கனெக்டிகட் சட்டமன்றம் அவருக்கு ஆண்டுக்கு 400 டாலர் ஓய்வூதியம் அறிவித்தது. எழுத்தாளர் மார்க் ட்வைன் இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1890-ல் கிராண்டல் காலமானார்.

வீட்டை 1969-ல் மாநில அரசு வாங்கியது. 1984-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 1991-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற அந்தஸ்து. 1995-ல் கிராண்டலை மாநில வீராங்கனையாக அறிவித்தது அதே கனெக்டிகட். அவரைச் சிறையில் அடைத்த மாநிலம் அது.

14, 169 எண் சாலைகள் சந்திக்கும் முனையில், அதே புல்வெளி ஓரத்தில் வீடு நிற்கிறது. ஜன்னல்களில் கண்ணாடி இருக்கிறது, புகைபோக்கிகள் இரண்டும் இருக்கின்றன. கட்டிய குடும்பம் பெய்ன் குடும்பம். கிராண்டல் அங்கே இருந்தது மூன்று ஆண்டுகள்கூட முழுதாக இல்லை. ஆனால் இன்று பெயர்ப்பலகையில் இருப்பது அவர் பெயர்தான்.